பூட்டிய கூண்டு

மக்காவுக்கு உம்ரா பயணம் போகுமுன் மொஹ்சின் தன் பந்தயப்புறா ராணியின் ஓர் இறக்கையை டேப்பால் கட்டி, வியாசர்பாடியில் இருக்கும் தோஸ்து பீம்ராவிடம் விட்டான்.

"நான் வர்ற வரிக்கும் அவுக்காத மாமு. அவுத்தா வூட்டுக்குப் பறந்துடும்."

பதினைந்து நாளில் திரும்பி, நேரே புறாவை வாங்கிப்போக வந்தவனை பீம்ராவ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தரையிலயே தத்திகினு கெடந்துச்சு, மனசு கேக்கல நைனா. போன வாரம் அவுத்துட்டேன். உன் வூட்லதானே இருக்கும்?"

"பூட்டிகினு போன வூட்ல எவன்டா தீனி வெப்பான்?"

மொஹ்சின் ராயபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடி மாடியேறினான். கூண்டின் பூட்டு அவன் போட்டபடியே தொங்கியது. கூண்டு வாசலின் பலகையெல்லாம் காய்ந்த எச்சம். அதன்மேல் ராணி விறைத்துக் கிடந்தது.

பக்கத்து மாடியில் யாரோ கோதுமை காயவைத்திருந்தார்கள். அடுத்தவர் மாடியில் இறங்கி இரை பொறுக்கக் கூடாது என்று ராணியைப் பட்டினி போட்டுப் பழக்கியவன் மொஹ்சின்தான்.