டன்னலுக்குள் கடுகு

ஞாயிற்றுக்கிழமைகளில் டன்னல் நீளமாகத்தான் இருக்கும். நாய்களை ஓடப் பழக்குவதற்காக நீலத் துணியில் வளையம் கோத்த குழாய் அது. மற்ற நாட்களில் நாய் ஒரு வாய் வழியாகப் புகுந்து, நாம் ஒரு தும்மல் போடுவதற்குள் மறு வாய் வழியாக வந்துவிடும். ஞாயிறன்று டன்னல் மைதானத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் நாய்க்குட்டிகளுக்கான தேர்வை ஞாயிறன்று வைக்கிறார்கள்.

தேர்வு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நாய் உள்ளே ஓடும். வளர்ப்பவர் வெளியே கூடவே ஓட வேண்டும். நாய் வெளியே வரும்போது யாருடைய கால் முதலில் அதன் கண்ணில் படுகிறதோ, அவருக்கே நாய் சொந்தம். போன வாரம் வங்கி அதிகாரி கிருபாகரனுக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கிவிட்டது. அவருடைய நாய் ஒரு பால்காரருடன் போய்விட்டது. பால்காரருக்கு அதில் விருப்பமே இல்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்.

சுகந்திக்குக் காலையிலிருந்தே பயம். அவளுடைய நாய்க்குட்டி கடுகு வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அது இல்லாத வீட்டுக்குள் இனி எப்படிப் போய் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பயிற்சி கொடுக்கும் மயில்சாமி மாஸ்டர் டன்னலின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல பேர் சொல்லிக் கூப்புட்றாதீங்க அம்மிணி. வந்த வழியே திரும்பீரும்."

இது முதல் வகுப்புப் பாடம். சுகந்தி தலையாட்டினாள்.

கடுகு உள்ளே பாய்ந்தது. அதன் நகங்கள் துணியில் கரகரவென்று ஓடின. சுகந்தி அந்தச் சத்தத்தோடு ஓடினாள். டன்னல் சாலையைக் கடந்தது. ஒரு போலீஸ்காரர் பேருந்துகளை நிறுத்தி வழிவிட்டார். பிறகு அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். கூடத்துக்கு அப்பால் இன்னொரு கூடம் இருந்தது. அங்கேயும் அதே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவர்கள் சாப்பிடக் கூப்பிடவில்லை.

சமையலறையில் ஓர் அம்மாள் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் நகச் சத்தம் காணாமல் போனது. சுகந்தி துணியில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். இன்னும் மசியவில்லை என்றார் அந்த அம்மாள். உள்ளே குட்டி மூச்சடைத்துக் கிடக்கிறதோ, அல்லது உள்ளேயே இல்லையோ. பயம் அவள் வாயைத் திறந்துவிட்டது.

"கடுகு" என்று கத்தினாள்.

மிக்ஸி நின்றது. நகங்கள் அவள் காலருகில்தான் இருந்தன. ஒரு கணம் அசையவில்லை. பிறகு திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கின.

சுகந்தியும் தலைதெறிக்க ஓடினாள். ஆனால் கூடங்கள் பெருகியிருந்தன. ஒவ்வொன்றிலும் தாண்டுவதற்கு எத்தனையோ கால்கள். குட்டிக்கோ நேர்வழி. ஓடிக்கொண்டே மாஸ்டருக்கு அழைத்தாள். அவருடைய இரண்டு கையும் டன்னலில் இருந்ததால், சட்டைப் பைக்குள் இருந்த போன் தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டது.

டன்னல் வாயில் நிற்பவர்களை எல்லாம் போகச் சொல்லும்படி கெஞ்சினாள். எல்லாரும் போய்விட்டதாகவும், தான் ஒருவர்தான் நிற்பதாகவும் சொன்னார் மாஸ்டர்.

"நீங்களும் போயிருங்க மாஸ்டர்."

"நான் கைய விட்டா டன்னல் சுருங்கிருமுங்க. குட்டி உள்ள இருக்குது. விடட்டுங்களா?"

சுகந்தி நின்றுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"விட்றாதீங்க" என்றாள்.

போனில் நகங்கள் நெருங்கி வந்தன. பிறகு வால் எதிலோ பட்டுப் படபடவென்று அடித்தது. அவள் காலருகே நீலத் துணி சுருங்கத் தொடங்கியது.

"வந்துருச்சுங்க. கைய விட்டுட்டேன். என் காலத்தான் பாத்துச்சு. குட்டிக்கு உடம்பெல்லாம் நடுங்குது. எப்புடிங்க கூப்புடணும் இத?"

மாஸ்டர் எல்லா நாய்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பேர் எதுவும் அவருக்குத் தெரியாது.

தன் குரல் காதில் விழுந்தால் குட்டி மறுபடி உள்ளே பாய்ந்துவிடும். டன்னலோ இப்போது கையளவுக்குச் சுருங்கிவிட்டது. சுகந்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக அந்தப் பேரைச் சொன்னாள்.