தலைகீழாக ஓர் ஏரி

மாமா சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துப் படத்தைக் காட்டியதும் அவள் கேட்டாள்: “இது யாரு?”

“உங்க அக்காதான். வேற யாரு?”

சட்டத்துக்குள் சிரிப்பு மட்டும் அக்காவுடையது. முகம் உரித்த முட்டையின் நிறத்தில் இருந்தது. பின்னால் ஓர் அருவி, அதன்மேல் முழு வானவில். அக்கா அப்படி ஓர் இடத்துக்குப் போனதே இல்லை.

“லைசென்சுக்கு எடுத்த போட்டோவைக் கடையில குடுத்தேன். கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணச் சொன்னேன். அவளுக்கு மலை, தண்ணின்னா உசிரு இல்லையா, அதான் பின்னாடி அது.”

“அவ கறுப்பு, மாமா.”

“இன்னைக்குமா அதைச் சொல்லணும்?”

“இன்னைக்குச் சொல்லாம? சாயந்திரம் அவளை எடுத்துட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எல்லார் மனசுலயும் இந்த முட்டைதான் நிக்கும்.”

கூடத்தில் கழுத்து நிறைய மாலையோடு அக்கா படுத்திருந்தாள். சுற்றிலும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். “படிச்சவகிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியுமா” என்று மாமா யாரிடமோ சொல்வது கேட்டது. அவர் கண்கள் அழுது வீங்கியிருந்ததை அவள் கவனித்திருந்தாள். அதற்காக விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

அக்காவின் கணினி மேசையில் அவள் மூக்குக்கண்ணாடி அப்படியே இருந்தது. சுற்றுலா வேன் ஓட்டியவள் அக்கா. தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்த வேன்தான். வேனை நிறுத்துகிற இடத்திலெல்லாம் படம் எடுப்பாள். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு இங்கே உட்காருவாள். மங்கலாக, சோர்ந்துபோய் வந்த மலையெல்லாம் அவள் கையில் குளித்துவிட்டு வந்ததுபோல் எழுந்து நிற்கும். வேன் முதலாளி அலுவலகச் சுவர் முழுக்க அவள் படங்களைத்தான் மாட்டியிருந்தார்.

முதலில் அடிவானத்தை நேராக்குவாள். “தண்ணி சாஞ்சிருந்தா பாக்கறவனுக்கு வயித்தைக் கலக்கும்டி.” கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையைப் படத்திலிருந்து எடுப்பாள். மலையை ஓர் இழைகூட நகர்த்த மாட்டாள். வானத்துக்குக் கொஞ்சம் நீலம் ஏற்றினால் என்ன என்று கேட்டதற்கு, “ஏத்தலாம். அதை நம்பி வர்றவனை நான்தானே கூட்டிட்டுப் போகணும்? திரும்பி வர்ற வழியெல்லாம் யாரு திட்டு வாங்கறது, பட்டதாரி மேடமா?” என்றாள். இவ்வளவு நேர்மையாக வேலை செய்கிற ஒருத்தியைத் தான் படித்த கல்லூரியில்கூட அவள் பார்த்ததில்லை.

கணினியில் தேடியது கிடைத்தது. ஏரிக்கரையில் அக்காவை அவளே எடுத்த படம். வெயிலுக்கு எதிராகக் கேமராவைப் பிடித்திருந்தாள். தண்ணீரும் வானமும் பளபளக்க, வேன் பக்கத்தில் அக்கா வெறும் நிழலாக நின்றாள். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, “யாருடி இது, கம்பமா?” என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அழிக்க விடவில்லை. “இருக்கட்டும். இருட்டுல இருக்கறதை வெளிச்சத்துக்குத் தூக்கிடலாம். வெளுத்துப் போனதுதான் திரும்பாது.”

அவள் அடிவானத்தை நேராக்கினாள். வானத்தின் வெளிச்சத்தைக் குறைத்தாள். பிறகு நிழலைத் தூக்கத் தொடங்கினாள், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் சட்டைக் காலர் வந்தது. பிறகு காது. பிறகு, திட்டுவதற்காகப் பாதி திறந்த வாய். இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் சாம்பல் பூத்துவிடும். அந்த இடத்தில் கையை எடுத்தாள். அக்கா அக்காவின் நிறத்தில் நின்றாள்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

“என்னம்மா பண்றே?” மாமா அறை வாசற்படியில் நின்றார்.

“அக்கா இப்படித் திருப்பி வெச்சுதான் படத்தைப் பாப்பா. நேரா இருந்தா ஏரி, ஆளுன்னு மனசு பேரு வெச்சிடும். தலைகீழா இருந்தா கண்ணு தானா எங்க போகுதுன்னு தெரியும். தப்பான இடத்துக்குப் போனா இன்னும் வேலை இருக்கு.”

மாமா குனிந்து பார்த்தார். “எனக்கு இந்தக் கண்ணாடிக்குப் போகுது. வேன் கண்ணாடிக்கு.”

அவர் சொன்னது சரி. அங்கே வெயில் தெறித்திருந்தது. அவள் அதை அடக்கினாள்.

“இப்போ?”

மாமா விரலால் அக்காவின் முகத்தைக் காட்டினார். பிறகு, “நான் அவளை நல்லபடியா காட்டணும்னுதான்மா...” என்றார்.

“தெரியும் மாமா.”

படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். “கடைக்காரரை இதுல கை வெக்க விடாதீங்க.”

“பக்கத்துலயே நிக்கறேன். வானவில் கீனவில்னு கிளம்பினான்னா அவன் கையை உடைக்கறேன்.”

வெயில் தாழ்ந்த பிறகு மாமா திரும்பி வந்தார். அக்காவின் தலைமாட்டில் இருந்த நாற்காலியில் படத்தைச் சாத்தினார். நாலு அடி பின்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தலைகீழா வெச்சிருக்கீங்க” என்றார் ஒருவர்.

“தெரியும். இருங்க.”

அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். வாசலில் அமரர் ஊர்தி பின்பக்கமாக வந்து நின்றது. யாரோ கதவைத் திறந்தார்கள்.

“தண்ணி சாயலையே?” என்றார் மாமா.

“இல்ல.”

அவர் போய், சட்டத்தை இரண்டு கைகளாலும் தூக்கி நேராகத் திருப்பி வைத்தார்.