பாரசீக மணங்கு

என் வீட்டுக்காரர் சத்தியமூர்த்திக்குச் சாமியிடம் சின்னதாகப் பேச வராது. போன ஐப்பசியில் எங்கள் ஐந்து வயது மகள் தீக்ஷா மூளைக்காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐசியூ வாசலில் நின்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். "முருகா, பிள்ளை பூரணமாக் குணமாகணும். ஒரு மணங்கு சர்க்கரைக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே வாரேன்."

கிலோ என்று சொன்னால் மளிகைக்கடைப் பேச்சாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மணங்கு என்றால் எவ்வளவு என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். இடது கால் மட்டும் இன்னும் லேசாக இழுக்கிறது. போகப்போகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மனிதர் போனில் தேடினார். ஒரு மணங்கு முப்பத்தேழு கிலோ என்று வந்தது. முகம் வெளிறிப்போனது. தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிறவர், குன்றக்குடியிலிருந்து பழனிவரை அதைத் தோளில் சுமக்க வேண்டுமே!

பாவமாக இருந்தது. நானும் தேடிப் பார்த்தேன். "அது வங்காளத்து மணங்கு. நம்ம பக்கம் எட்டு வீசைதான் ஒரு மணங்கு. பதினொண்ணே கால் கிலோ வருது."

நியாயமாக அதோடு விட்டிருக்க வேண்டும். முப்பத்தேழு பதினொன்றாக இறங்கியதில் அவர் ருசி கண்டுவிட்டார். மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து போனும் கையுமாகக் கிடந்தார். பம்பாய் மணங்கு கனம் கூடுதல், வேண்டாம். சூரத் மணங்கு அதைவிட மோசம். நாலாம் நாள் காலையில் வாயெல்லாம் பல்லாக அடுப்படிக்கு வந்தார்.

"பாரசீகத்துல மணங்கு மூணு கிலோதான், கண்ணம்மை."

"முருகன் எப்பப் பாரசீகத்துக்குப் போனாரு?"

"நம்ம ஆளுக கடல் தாண்டி வியாபாரம் பண்ணவுக. அளவும் போயிட்டு வந்துருக்கும்ல."

படித்த மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் செக்காலை ரோட்டில் சோணை அண்ணன் கடைக்குப் போனோம். தீக்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் படியேறினாள்.

"காவடிக்கு மூணு கிலோ சர்க்கரை போடுங்க" என்றார் இவர்.

"ஒரு மணங்குன்னு வேண்டியிருக்கதா ஆச்சி சொன்னாகளே" என்று என்னைக் காட்டினார் சோணை அண்ணன்.

இவர் போனை எடுத்து அவரிடம் நீட்டினார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க பிள்ளைக்குப் பூரண குணம் கேட்டீக. எந்த ஊர்லயாச்சும் கொறஞ்ச பூரணம் இருக்கான்னு முருகனும் போன்ல தேடுனா என்ன செய்வீக?"

அவர் தீக்ஷாவின் காலைப் பார்த்தார். போன் சட்டைப்பைக்குள் போனது.

"அண்ணே, முப்பத்தேழு கிலோ போடுங்க" என்றார்.

பேரம் பேசுகிற வேலை இப்போது என் தலையில் விழுந்தது. "பதினொண்ணே கால் போதும்ணே. இவரையும் உசுரோட திருப்பிக் கூட்டியாரணும்."

சோணை அண்ணன் சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார். தராசில் பதினொன்றே கால் என்று எண் வந்து நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு கை போடுங்கண்ணே."

நான் பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்தேன்.