காய்ச்சலுக்குக் காத்திருந்தவள்

விமலேஸ்வரிக்குக் காய்ச்சல் என்றால் ஆகாது. வீட்டில் யாராவது தும்மினாலே போதும், கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் குடிநீர் அவித்துவிடுவாள். கணவர் யோகநாதனுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்லகாலம், ஆரம்ப நிலைதான். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அதே பிசிஜி மருந்தைக் கிழமைக்கு ஒருமுறை, ஆறு கிழமைக்கு, குழாய் வழியே உள்ளே விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மனிதர் கண்டாவளை வீட்டுக்கு வந்து சேரும்போது குடிநீர் சுடச்சுடத் தயாராக இருக்கும்.

மூன்றாம் கிழமை கூடப் போனவளிடம் தாதி விளக்கமாகச் சொன்னார். இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும். சிலருக்கு இலேசாகக் காய்ச்சல் காயும், அது நல்ல அறிகுறி. உடம்பு எழும்பாவிட்டால் பையையே எடுக்க நேரலாம். விமலேஸ்வரியோ, வரவேண்டிய காய்ச்சலைத் தன் குடிநீர்தான் துரத்திவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவி மனுசி. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றோடு குடிநீரை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் அவருக்கு வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

ஐந்தாம் கிழமை பின்னேரம் யோகநாதன் தானாகவே வெப்பமானியை நீட்டினார். நூற்றெட்டு. அவ்வளவு காய்ச்சல்காரர் புட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர்க் கோப்பையில் ஆவி பறந்தது.

“காய்ச்சல் உங்களுக்கோ, தேத்தண்ணிக்கோ?” என்றாள்.

“நீர் சாப்பிடாமல் கிடக்கிறீர். நான் வேற என்ன செய்யிறது?”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குடிநீர் விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டாள்.

அடுத்த கிழமை அவரே அவளை டொக்டர் முன்னால் இருத்தி, அதைச் சொல்ல வைத்தார். டொக்டர் சிரிக்கவில்லை. கொத்தமல்லி இந்த மருந்தைத் தடுக்காது என்றார். காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுமில்லையாம். இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களின் அளவு நம்பிக்கை தருகிறது, ஆனாலும் உள்ளே கமரா விட்டுப் பார்க்கும்வரை உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

ஆறு கிழமை கழித்துப் பார்த்தார்கள். பை சுத்தமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்ததும் விமலேஸ்வரி சொன்னாள், “எனக்குச் சரியான பயமாயிருந்ததப்பா.”

இத்தனை மாதமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே திரிந்த மனிதர் அவளுடைய கையைப் பிடித்தார்.

“எனக்கும்தான்” என்றவர், அத்தனை சனமும் பார்க்க விம்மி அழுதார்.