கறி இல்லாத கறிக்குழம்பு

குழம்புச் சட்டிக்குள் தேவகியின் கரண்டி நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு முள்ளங்கித் துண்டோடு வெளியே வந்தது. நாற்பது வருடப் பழக்கம். நல்லி எலும்பு எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் துழாவிப் பிடித்து என் தட்டில் போடுகிற கரண்டி அது. சட்டியில் இப்போது எலும்பே கிடையாது என்பது தேவகிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஐயம்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். கரண்டிக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் எப்போதும் காய் விழும். அரைக் கிலோ கறிக்கு ஒரு கிலோ முள்ளங்கியோ கத்திரிக்காயோ. கறியின் சாறு ஏறிய முள்ளங்கி இருக்கிறதே, அதற்காக நான் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருக்கிறேன். காஞ்சிபுரம் வாலாஜாபாத் பஸ்ஸில் முப்பத்து நான்கு வருடம் கண்டக்டர். ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே குறைந்தது ஒரு கோடி டிக்கெட் கிழித்திருப்பேன். ஏழு மாதமாகக் கறி போய்விட்டது. அதே மிளகாய்த்தூள், அதே சோம்பு, அதே தேங்காய், நடுவில் முள்ளங்கி மட்டும். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வராமல் தோழன் மட்டும் மாலையோடு உட்கார்ந்திருப்பதைப் போல.

இந்தச் சிறைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவன் நான்தான்.

தை மாதம் தேவகியின் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. பிரியாணி மூன்று தட்டு சாப்பிட்டேன். தேவகி ஐந்து என்பாள். வீட்டுக்கு வந்ததும் திட்ட ஆரம்பித்தாள். நின்றபாடில்லை. அப்போது நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்பு. லேசாகத்தான். நான் அதைக் கொஞ்சம் வளர்த்தேன். சுவரோடு சரிந்து, "பீரோ சாவி அரிசி ட்ரம்முல இருக்குது, வாட்ச்ச லோகேஷுக்குக் குடுத்துடு" என்றேன். லோகேஷ் பெங்களூரில் இருக்கிற எங்கள் பையன். திட்டு சட்டென்று நின்றது. அந்த நிம்மதியில் கண்ணை மூடினேன். திறந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அவ்வளவு பெரிய வண்டி சைரன் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது எழுந்து உட்கார்ந்தால் மரியாதையாக இருக்குமா?

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தது பக்கத்து வீட்டு கிரேஸ். அங்கே நர்ஸ். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணா, கேஸுதான். டாக்டரும் அதான் சொன்னாரு. ரெண்டு ஏப்பம் வுடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் காதோரம்.

ஆனால் வெளியே வராந்தாவில் தேவகி ஏற்கெனவே காமாட்சி கோயில் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். தாயே, இந்த ஆளைக் காப்பாத்து, இனிமே எங்க அடுப்புல கறி ஏறாது, ரெண்டு பேரும் வாயில வைக்க மாட்டோம். அழுத முகத்தோடு அதைச் சொன்னவளிடம் வெறும் ஏப்பம் என்று எப்படிச் சொல்வது? "ரெண்டு நிமிசம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று நானும் சொல்லிவிட்டேன். பிறகு விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆள் சேரச் சேர அந்த வலியும் வளர்ந்தது. கடைசிக் கணக்குப்படி நான் எமனுடைய எருமையின் கொம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன்.

நான் படுகிற பாடு மட்டும் என்றால் சிரித்துக்கொண்டே செத்திருப்பேன். போன வாரம் தேவகி குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். தலைசுற்றல். கிரேஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஹீமோகுளோபின் ஏழு பாயிண்ட்தான் இருந்தது.

"மாத்திரை போடுக்கா. கூடவே வாரத்துல மூணு நாள் ஆட்டு ஈரல், சுவரொட்டி வறுத்துச் சாப்டு. ரத்தம் ஊறும்."

"அந்தப் பேச்சே வேணாம் கிரேஸு. நான் வாயில வச்சா அவரு நெஞ்சு நின்னுடும்."

"முட்டையாச்சும்?"

"அதுவும் கறிதான்."

மறுநாள் கிரேஸ் என்னை வாசல் கேட்டில் மடக்கினாள். "அண்ணா, ஏழு மாசமா சிரிச்சிக்கினு இருந்தேன். இனிமே சிரிப்பு வராது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நின்று பார்த்தேன். அவள் நகரவில்லை.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த கையோடு, கிரேஸ் ஒரு தூக்குச் சட்டியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மூடியின் விளிம்பில் ஈரலோடு மிளகும் வெங்காயமும் வதங்கிய வாசம். நான் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வந்தேன். சொன்னேன். பிரியாணியிலிருந்து ஏப்பம் வரை, ஒரு சொல் கூட்டாமல். வாழ்க்கையில் முதல்முறை என்பதால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தேவகி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"யோவ், நான் சாப்டணும்னு பொய் சொல்றியா?"

"சத்தியமா கேஸுதான் தேவகி."

"பாலாத்து வெள்ளத்துல பஸ்ஸ நீஞ்ச வச்சேன்னு சொன்ன ஆளு நீ. உன் பேச்ச நம்புறதா?"

"அக்கா, நானே ஈ.சி.ஜி. எடுத்தேன். நெஜம்தான்" என்றாள் கிரேஸ்.

"நீயும் இவரோட சேந்துக்கினியா?" தேவகி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டுச் சேலை நெய்தவள். கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். "தாழம்பூ ரேக்கு பார்டர் மாதிரி அழகா இருக்குது. இதுல கேஸுன்னு எங்க எழுதியிருக்குது?"

ஃபைலில் வேறு காகிதம் இருக்கிறதா என்று புரட்டினேன். முப்பத்து நான்கு வருடம் பஸ் நிறைய ஜனத்தைப் பேசியே உள்ளே தள்ளியவன்.

அவள் எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டே போயிற்று. பித்தளைத் தட்டில் சூடம் வைத்துக் கொண்டுவந்து எனக்கும் தூக்குக்கும் நடுவில் இறக்கினாள்.

"நெஜமாவே கேஸுனா நான் வேண்டிக்கினதே செல்லாது. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். சூடத்த அணைச்சுச் சொல்லு, அன்னிக்கு உன் நெஞ்சு வலிக்கலன்னு."

கொளுத்தினாள்.

கையை நீட்டினேன். ஓர் அறை அறைந்தால் முடிந்தது. தூக்கில் இருப்பது ஆறுவதற்குள் சாப்பிடலாம். ஆனால் கை பாதியில் நின்றது. சரிந்த சுவர் நினைவிருந்தது, சாவி நினைவிருந்தது, ட்ரம் நினைவிருந்தது. வலி? எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி கூட்டி, உண்மையில் அன்று எவ்வளவு வலித்தது என்பதைத் தேடினால், துழாவுகிற கையில் நான் சொன்ன கதைதான் மாட்டுகிறது. வலித்ததா? லேசாகவா? ஒருவேளை அவள் வேண்டிக்கொண்டதால்தான் அது வெறும் ஏப்பமாகப் போயிற்றோ?

"அண்ணா" என்றாள் கிரேஸ் மெதுவாக.

சூடம் பாதி கரைந்து, நெருப்பு நீலமாகத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தேவகியை நிமிர்ந்து பார்த்தேன். வெளுத்த உதடு. அவள் என் கையைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் தூக்கின் மூடிமேல் இருந்தன, சூட்டைத் தொட்டுப் பார்ப்பவளைப் போல.