மூன்றாவது நாற்காலி

அகழாய்வு அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாற்பதைத் தாண்டி எழுத்துக் கற்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதிகாரியும் வெளிநாட்டுக் குழுவும் பேசும்போது மூன்றாம் ஆள் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். அவர் எழுந்து போனால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். லஞ்சத்தை ஒழிக்க மேலிடம் கண்ட வழி. கூலியாட்களுக்குள் சீட்டுக் குலுக்கினார்கள். இந்த வாரம் நான்.

"அண்ணே, குழியிலேருந்து நாற்காலிக்கு ஏறிட்டீங்க. குறட்டை விட்டுடாதீங்க!" என்றாள் மண் சலிக்கிறவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரிக்கு மொழிபெயர்ப்பவர் என் மகளின் கணவர். நான் ஒண்டியிருப்பதும் அவர் வீட்டில்தான். சீட்டுக் குலுக்கியவர்கள் அதையெல்லாம் விசாரிக்கவில்லை.

காலையில் வரும் வழியிலேயே மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, சார் உங்களை டீ குடிச்சிட்டு வரச் சொல்வாரு. போயிடுங்க. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"போனா பேச்சை நிறுத்தணுமே?"

"எழுத்து தெரியாதப்பவே நீங்க நல்லா இருந்தீங்க."

"என்ன கேக்கப் போறாரு?"

"வெளிநாட்டுக்காரங்க ஜெனரேட்டரை. அவங்க ஊருக்குத் திரும்புறப்ப அதை சார் வீட்டுல விட்டுட்டுப் போகணும். இல்லேன்னா தோண்டின எலும்பைச் சோதனைக்கு எடுத்துட்டுப் போகக் கையெழுத்து கிடைக்காது. மாமா, என் வேலை நிரந்தரமாகணும்."

"மாட்டினா அவரு கையை உதறிடுவாரு மாப்ள. குழுத் தலைவியம்மா பாஷையில கேட்ட வாய் உங்களது."

"மாட்டினாத்தானே?"

அறையின் ஒரே ஜன்னலைப் பானை ஓட்டுப் பெட்டிகள் அடைத்திருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் காலணியில் மண்ணோடு குழுத் தலைவியம்மா. நடுவில் மாப்பிள்ளை. சுவரோரம் என் நாற்காலி.

"பெரியவரே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பத்தான் குடிச்சேன் சார்."

"கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வாங்களேன்."

"இங்கேயே ஃபேன் ஓடுது சார்."

மாப்பிள்ளைக்குச் சட்டை நனைந்துவிட்டது. "மாமா, ப்ளீஸ்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அது அதிகாரி காதில் விழுந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாமனாரா? அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா! நம்ம ஆளுதானே, இருக்கட்டும். மூணாம் ஆளும் ஆச்சு, சட்டமும் ஆச்சு. நீ கேளுப்பா."

இருந்தால் நான் சாட்சி. சொந்த மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுக்க முடியாத சாட்சி. மாப்பிள்ளை அந்தம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

நான் எழுந்தேன். கதவை அகலத் திறந்து வாசலில் நின்று, குழிக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கத்தினேன்: "மூணாம் ஆளு வெளியே வந்துட்டேன்! பேச்சை நிறுத்துங்க!"

மண்வெட்டிகள் நின்றன. தலைகள் நிமிர்ந்தன. அந்தம்மா மொழி புரியாவிட்டாலும் எழுந்து வெளியே வந்துவிட்டார். அறைக்குள் மாப்பிள்ளை திறந்த வாயை மூடாமல் நின்றார்.

மாலையில் அவர் எனக்கு முன்னால் நடந்தார், திரும்பியே பார்க்காமல். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் வாசலில் இருந்தாள்.

"உங்க மாப்ளையை நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்னு அதிகாரி சொல்லிட்டாராம்ப்பா."

"அவர் ஜெயிலுக்குப் போயிடக் கூடாதுன்னுதாம்மா."

"ஜெயிலுக்குப் போகல, சரி. வேலைக்கு எங்கப்பா போவாரு?"

எனக்கும் போக வேறு வீடு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மாப்பிள்ளை எழுந்து பின்கட்டுக்குப் போனார்.