பனிப் பீரங்கியின் மூக்கு

அன்று வாக்கி-டாக்கியில் என் காதில் விழுந்தது மூன்று வார்த்தையா, இரண்டு வார்த்தையா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனதுக்குள் அதை அத்தனை தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். எது காதில் விழுந்தது, எது என் ஆசையில் நானே சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரிக்க வரவில்லை. சுற்றியிருந்தவை எல்லாம் நினைவிருக்கின்றன. ஹீட்டர் மேல் காயப் போட்டிருந்த கையுறைகளின் வாடை, ஜன்னல் கண்ணாடியின் மூலையில் இருந்த விரிசல், தடதடத்துக்கொண்டிருந்த கெட்டில் மூடி. அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. அல்லது இருக்கிறது, நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

நாங்கள் பனி செய்கிறவர்கள். எங்கள் ஊரில் குளிர் வரும், பனி வராது. முன்பெல்லாம் வந்ததாம். அது நின்றுபோன பிறகு பனிச்சறுக்கு மைதானத்தின் முதலாளி இயந்திரங்களை வாங்கிப் போட்டார். சரிவின் அடியில் ஒரு குளம், குளத்தை ஒட்டிப் பம்பு அறை. அங்கிருந்து குழாய்கள் சரிவில் ஏறி, வரிசையாக நிற்கும் பீரங்கிகளுக்குப் போகும். பீரங்கி தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து மேலே பீய்ச்சும். குளிர் போதுமான அளவு இருந்தால் அந்தத் தூறல் தரையைத் தொடுவதற்குள் பனியாகிவிடும். உருகினால் வடிந்து அதே குளத்துக்குத் திரும்பிவிடும்.

பம்பு அறையில் பெரியண்ணன். சரிவில் பீரங்கிகளோடு அலைவது சின்னண்ணன். கீழே கவுண்டரில் பூட்ஸையும் சறுக்குப் பலகைகளையும் வாடகைக்குக் கொடுப்பது நான். எனக்குப் பின்னால் இருந்த அறையில், கிழிந்த வாடகை மேலங்கிகளைத் தைப்பது அண்ணி, பெரியண்ணனின் மனைவி. குடும்பமாகச் சேர்ந்து முதலாளியை வளைத்துப் போட்டுவிட்டோம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "வளைச்சுப் போட்டிருந்தா வெயில்ல இல்ல உக்காந்திருப்போம்" என்பார் பெரியண்ணன்.

இயந்திரத்தின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். பீரங்கியின் முனையில் தண்ணீர் வெளியேறும் துளைகளுக்கு மூக்கு. குளத்துக்குள் தண்ணீரை உறிஞ்சும் குழாய்க்கு வாய். வாயில் ஒரு சல்லடை மாட்டியிருக்கும். சல்லடை கிழிந்தால் சேறு ஏறி, மேலே மூக்கு அடைத்துக்கொள்ளும். அதனால் மேலேயிருந்து "மூக்கு அடைச்சிருக்கு" என்று சொன்னால், கீழே இருப்பவர் போய் வாயைப் பார்க்க வேண்டும். எங்களுக்குள் அப்படித்தான் வழக்கம்.

பனியின் தரத்துக்கும் இரண்டே சொற்கள். பீரங்கியின் முன்னால் போய்க் கையை நீட்ட வேண்டும். சட்டைக் கையில் விழும் பனி துள்ளித் தெறித்தால் நல்ல பனி. ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறைக்க வேண்டும். துள்ளுது, ஒட்டுது. கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அண்ணி இரண்டு பேருடைய மேலங்கிக் கையிலும் கறுப்புத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வாக்கி-டாக்கிகள் பழையவை. பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அதற்கப்புறம்தான் பேச வேண்டும். அவசரப்பட்டால் முதல் வார்த்தையை அது விழுங்கிவிடும். பெரியண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தார். சின்னண்ணன் எதற்கும் மூச்சு விடுகிற ஆள் இல்லை. போதாததற்கு அவனுக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். பெரியண்ணன் அவனைக் கூப்பிடுவதே "சளி" என்றுதான்.

அன்று மதியம் பீரங்கிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வாக்கி-டாக்கியில் பெரியண்ணன் கேட்டார்.

"டேய் சளி, எப்படி இருக்கு?"

"மூக்கு அடைச்சிருக்குண்ணே."

அதற்கு முன்னால் "எனக்கு" என்று ஒரு வார்த்தை இருந்ததா என்பதுதான் கேள்வி.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியண்ணன்.

உள்ளேயிருந்து அண்ணி, "என்னவாம்?" என்றார்.

"சின்னண்ணனுக்கு மூக்கு அடைச்சிருக்காம்."

"கழட்டிக் குடுத்தனுப்பச் சொல்லு. மேலங்கியோட சேத்துத் தைச்சுத் தர்றேன்."

நான் சிரித்துக்கொண்டே கெட்டிலைப் போட்டேன். வெந்நீரும் ஒரு மாத்திரையும் மேலே அனுப்பலாம் என்று நினைத்தேன். சின்னண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான், அண்ணன் ஏதோ மாத்திரை அனுப்புவார் என்று. காத்துப் பார்த்துவிட்டு அவனே இறங்கி வந்தான்.

"எங்க, அண்ணன் ஒண்ணும் குடுத்து விடலையா?"

"இங்க வரவே இல்லையே."

அவன் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டான். பதில் இல்லை. பம்பு அறையை நோக்கி நடக்க ஆரம்பித்தவன், பாதியில் ஓடினான்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கடும் குளிரில் அதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். பம்பு ஓடும்போது வாயைச் சுற்றித் தண்ணீர் சுழலும், குளத்தை மூடிய பனிக்கட்டி அங்கே மட்டும் மெல்லியதாகத்தான் இருக்கும். அது பெரியண்ணனுக்குத் தெரியாததல்ல. அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கும் கயிறு அறைக்குள் ஆணியில் தொங்கியது. குளத்தின் மேல் அவருடைய கொக்கிக் கழி கிடந்தது. அதற்கு அப்பால், ஒரு கதவு அகலத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர்.

மேலே எந்தப் பீரங்கியின் மூக்கிலும் அடைப்பு இல்லை.

மீட்புக்காரர்கள் வந்தார்கள். முக்குளிப்பவர் ஒருவர் பல தடவை இறங்கி ஏறினார். கடைசியில் கவுண்டருக்குள் வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"கையை நீட்டினா கை தெரியலைங்க. அடியெல்லாம் சேறு. தண்ணி இறங்கினா எடுத்துடலாம். இல்லேன்னா பனிக்கட்டி உருகற வரைக்கும் பொறுக்கணும்."

"அது வரைக்கும் அவர் அங்கேயா இருப்பாரு?" என்றார் அண்ணி.

ஆளாளுக்கு வழி தேடினார்கள். குளத்தின் கரையை வெட்டிவிட முடியாது, கீழே வீடுகள் இருக்கின்றன. பம்பின் குழாய் போகும் வழி ஒன்றுதான், சரிவுக்கு மேலே. சரிவில் தண்ணீராக விட்டால் அது திரும்பிக் குளத்துக்கே வரும். சுவர் ஓரமாக நின்றிருந்த சின்னண்ணன் அப்போதுதான் பேசினான்.

"பனியாக்கினா மேலயே நிக்கும்."

உடல் இழுபட்டுவிடாதபடி வாயைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இறக்கினார்கள். பிறகு எல்லாப் பீரங்கிகளும் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தன. முதலாளி வேறு ஆட்களை அனுப்பினார். பம்பைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்தது, பனியைப் பார்க்கத் தெரியவில்லை. வாரக் கடைசியில் வெதுவெதுப்பான காற்று வரும் என்று செய்தியில் சொன்னார்கள். அது வந்தால் பீரங்கி துப்புவது வெறும் மழையாகத்தான் இருக்கும். அதற்குள் குளம் வற்ற வேண்டும்.

சின்னண்ணன் சரிவைவிட்டு இறங்கவில்லை. மேலே ஒரு தகரக் கொட்டகை உண்டு, அங்கேயே கிடந்தான். நான் சாப்பாடு கொண்டுபோனால் நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொள்வான். முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரிடமும், "நான் எனக்குன்னுதான் சொன்னேன்" என்றான். பிறகு யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டான். என்னிடம் மட்டும் ஒரு தடவை கேட்டான்.

"உனக்குக் கேட்டுச்சுல்ல குட்டி?"

நான் பாத்திரத்தை மூடினேன். பீரங்கிகளின் இரைச்சலில் கேள்வி காதில் விழாத மாதிரி நின்றேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. அண்ணியின் முகத்துக்கு முன்னால் வர அவனுக்குப் பயம். அண்ணியும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகலெல்லாம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை. ஜன்னல் வழியாகக் குளம் தெரியும்.

குளம் இறங்கியது. அடியில் தண்ணீர் குறையக் குறைய, மேலே இருந்த பனிக்கட்டிப் பாளம் தாங்க ஏதுமின்றித் தொய்ந்து, வெடி போட்ட மாதிரி பிளந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணி எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்வார். இந்தப் பக்கம் சரிவு வெளுத்துக்கொண்டே வந்தது. அவ்வளவு அழகாக அதை நான் எந்த வருடமும் பார்த்ததில்லை. அழகு என்ற சொல் மனதில் வந்ததற்காக எனக்கு என்மேல் கோபம் வந்தது.

சொன்னதைவிட முன்னதாகவே காற்று திரும்பியது. ஒரு பிற்பகலில் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து இறங்கத் தொடங்கியது. வாக்கி-டாக்கியில் சின்னண்ணன் குரல் உடைந்து வந்தது.

"ஒட்டுது. எல்லாமே ஒட்டுது. ஒண்ணைச் சரி பண்ணிட்டுப் போறதுக்குள்ள இன்னொண்ணு ஒட்டுது."

சரிவின் ஓரமாக, மெல்லிய கோடாகத் தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வருவதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குட்டி, அவன் எனக்குன்னு சொன்னானா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு பொய்யில் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் அண்ணியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியல அண்ணி. கேட்ட மாதிரியும் இருக்கு. கேக்காத மாதிரியும் இருக்கு."

"அன்னைக்கு நீ என்கிட்ட 'சின்னண்ணனுக்கு'ன்னுதானே சொன்னே?"

"ஆமா. ஆனா அவனுக்கு எப்பவும் சளிதானே. நானா அப்படி எடுத்துக்கிட்டிருக்கலாம்."

அண்ணி மடியில் கிடந்த மேலங்கியின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். அது நீண்டு வந்து அறுந்தது.

"உங்கண்ணன் என்னைக்காவது ஒரு பேச்சை முழுசாக் கேட்டிருக்காரா? கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன். பால்னு ஆரம்பிச்சா போதும், பொங்குதுன்னு அடுப்புக்கு ஓடிடுவாரு. பால் வாங்கணும்னுதான் சொல்ல வந்திருப்பேன்." அறுந்த நூலை விரலில் சுற்றினார். "கயிறைக் கூட எடுக்கல, பாரு. அவன் எனக்குன்னு பத்துத் தடவை சொல்லியிருந்தாலும், மூக்குங்கற வார்த்தை காதுல விழுந்ததுமே எழுந்திருப்பாரு."

அவர் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று பெயர் வைக்க முடியாத கோபம். எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய பெரியண்ணனின் மாற்று மேலங்கியை மாட்டிக்கொண்டார். தோள் இறங்கி, கை விரல்களை மூடியது. பம்பு அறையில் கிடந்த பெரியண்ணனின் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். முழங்கால் வரை புதைந்து புதைந்து ஏறுவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசிப் பீரங்கிக்கு முன்னால் போய் நின்று, கறுப்புத் துணி தைத்த கையை நீட்டினார்.

என் கையில் இருந்த கருவி கரகரத்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அண்ணியின் குரல் முழுசாக வந்தது.

"இது ஒட்டுது. மூக்கைக் கொஞ்சம் குறை."

சின்னண்ணன் சரிவின் நடுவில் அசையாமல் நின்றான். மூக்கு என்ற சொல்லை அன்றிலிருந்து எங்களில் யாரும் உச்சரித்திருக்கவில்லை.

"டேய் சளி, காதுல விழுதா? உன் மூக்கைத் துடைச்சுட்டு இந்த மூக்கைப் பாரு. காத்து வந்துட்டிருக்கு."

அவன் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு வால்வை நோக்கி ஓடினான்.

"இப்போ, அண்ணி?"

"இன்னும் ஒட்டுது."

"இப்போ?"

மூச்சு விடும் இடைவெளி.

"துள்ளுது."

இருட்டும் வரை அப்படியே போனது. அண்ணி ஒவ்வொரு பீரங்கிக்கு முன்னாலும் கையை நீட்டிச் சொல்வார், அவன் வால்வைத் திருப்புவான். அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறு பேச்சு இல்லை. விடிந்தபோது குளத்தின் பனிக்கட்டி முழுவதும் சேற்றின் மேல் படிந்திருந்தது. முக்குளிப்பவருக்கு முக்குளிக்கத் தேவையே இருக்கவில்லை. பூட்ஸோடு நடந்துபோய், கம்பிக் கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பாளத்தைத் தூக்கினார். சின்னண்ணன் பீரங்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடைசிப் பீரங்கியும் நின்றதும் வந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதியத்துக்குள் வெதுவெதுப்பான காற்று முழுசாக வந்துவிட்டது.

அடக்கம் முடிந்த பிறகு முதலாளி மைதானத்தைத் திறந்தார். அவ்வளவு கனமாக விழுந்திருந்த பனி, அந்தக் காற்றிலும் கரையாமல் நின்றது. குழந்தைகள் வந்தார்கள். பூட்ஸ் வாங்கிக்கொண்ட ஒருவர், "இந்த வருஷம் பனி அபாரம்" என்றார். "ஆமாங்க" என்று அளவைக் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். குளிர்காலம் முடிந்ததும் எல்லாம் உருகி இறங்கிக் குளம் மறுபடி நிறைந்தது.

பெரியண்ணனை ஊர் மயானத்தில் மேற்கு ஓரமாகப் புதைத்திருக்கிறோம். முதலாளி, குளத்தில் குழாயின் வாய் வரைக்கும் இரும்புப் பாலம் போட்டார். சில வருடங்களில் குளிரும் வராமல் போனதால் மைதானத்தை மூடி, பீரங்கிகளை வேறு ஊருக்கு விற்றுவிட்டார். சின்னண்ணன் அவற்றோடு போனான், இப்போதும் அங்கே பனி செய்கிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். அவன் ஊருக்கு வந்தால் அங்கேதான் தங்குவான். நான் அந்தக் கடையில் பொத்தான் தைக்கிறேன்.